‘நடுநிலை’யாக்கப்பட்ட பெட்டி: லிப்பிட் சவ்வும் மின்னூட்டக் கணக்கும்

‘நடுநிலை’ என்ற சொல்லை இந்தப் பக்கங்களில் நாம் நிறையவே அடித்துத் துவைத்திருக்கிறோம். நடுநிலை விமர்சகர், நடுநிலை நாளேடு, நடுநிலை நீதிபதி - இவர்களெல்லாம் நின்றுகொண்டிருக்கிற இடம் எது, அந்த இடத்தை அவர்களுக்காக யார் பெருக்கி வைத்தார்கள் என்று கேட்பது நமக்குப் பழகிப்போன வேலை. ஆனால் இயற்பியலில் நடுநிலை என்றால் அது வெறும் கணக்கு என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கூட்டல் இத்தனை, கழித்தல் இத்தனை, கூட்டினால் சுழி. இதில் யார் கைவைக்க முடியும்? முடியும் என்பதையும், எங்கே எப்படிக் கைவைக்கிறார்கள் என்பதையும் ஒரு குறிப்பிட்ட துறையை எடுத்துக்கொண்டு விளக்கிப் பார்க்கலாம். செல் சவ்வுகளைக் கம்ப்யூட்டருக்குள் போலச்செய்து பார்க்கிற ‘மாலிக்யூலர் டைனமிக்ஸ் சிமுலேஷன்’ அந்தத் துறை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அறிவியல் சொற்களை உருவி எடுத்துக் கோட்பாட்டுக் கட்டுரைகளில் தோரணம் கட்டுகிற பழக்கம் நமக்கு உண்டு. 1996-ல் அலன் சோக்கல் என்ற இயற்பியலாளர் ‘சோஷியல் டெக்ஸ்ட்’ இதழுக்கு அபத்தமான ஒரு கட்டுரையை அனுப்பி, அது அச்சில் வந்த பிறகு அது கேலிக்காக எழுதியது என்று அறிவித்தார். அதற்குப் பிறகும் இங்கே கேயாஸும் குவாண்டமும் கவிதை விமர்சனத்தில் தாராளமாகப் புழங்கின. எனவே இந்தக் கட்டுரையில் சவ்வு சவ்வுதான், அயனி அயனிதான். உவமையாக எதையும் இழுத்துக்கொண்டு போகும் உத்தேசம் இல்லை. ஒரு பிரதியை வாசிப்பது போல ஒரு கணிப்புமுறையை வாசிக்க முடியுமா என்பது மட்டுமே கேள்வி.

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு பெரும்பாலும் லிப்பிட் மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு லிப்பிட்டுக்கும் நீரை விரும்புகிற ஒரு தலை, நீரைக் கண்டால் ஒதுங்குகிற இரண்டு எண்ணெய் வால்கள். வால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டும், தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்துக்கொண்டும் இரண்டு அடுக்காக நின்றுவிடுகின்றன. ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிட்டைப் பிரித்தெடுத்து, அது பரவும் பரப்பை அளந்து, இது ஈரடுக்கு என்று கோர்ட்டரும் கிரெண்டலும் சொன்னது 1925-ல். தலைகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. பாஸ்ஃபடிடைல்கோலின் என்பதில் ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் இருப்பதால் மொத்தம் சுழி. பாஸ்ஃபடிடைல்செரின், பாஸ்ஃபடிடைல்கிளிசரால் ஆகியவற்றில் மொத்தம் கழித்தல் ஒன்று. நமது செல்களில் செரின் தலை கொண்டவை உள்பக்க அடுக்கிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. ‘வைக்கப்பட்டிருக்கின்றன’ என்பதைக் கவனியுங்கள். அவை தாமாக அங்கே தங்குவதில்லை. செல் தன் ஆற்றலைச் செலவழித்து, வெளியே வந்தவற்றை உள்ளே புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்கிறது. செல் சாகும்போது இந்த ஏற்பாடு குலைந்து செரின் தலைகள் வெளியே தெரிகின்றன. ‘என்னைத் தின்னலாம்’ என்று விழுங்கணுக்களுக்கு அதுதான் சைகை. ஆக, கழித்தல் மின்னூட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஒரு செல்லுக்கு வாழ்வா சாவா விஷயம்.

சிமுலேஷனுக்கு வருவோம். ஒவ்வொரு அணுவையும் ஒரு புள்ளியாக வைத்து, அதற்கு ஒரு நிறை, ஒரு மின்னூட்டம் கொடுத்து, எல்லா அணுக்களும் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன, தள்ளுகின்றன என்று கணக்கிட்டு, நியூட்டன் விதிப்படி கொஞ்சம் நகர்த்துவது. மறுபடி கணக்கிட்டு மறுபடி நகர்த்துவது. இவ்வளவுதான் விஷயம். ஒரு நகர்வு பொதுவாக 2 ஃபெம்டோ வினாடி, அதாவது ஒரு வினாடியைப் பத்து கோடி கோடித் துண்டாக வெட்டினால் அதில் இரண்டு துண்டு. ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் 864 ஆர்கான் அணுக்களை வைத்து ஒரு திரவத்தை இப்படி ஓட்டிக் காட்டியது 1964-ல். ஆர்கானுக்கு மின்னூட்டம் கிடையாது. நாம் பேசப்போகிற தலைவலி அவருக்கு இல்லை. 1982-ல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் வான் டெர் ப்ளூக், பெரெண்ட்சன் இருவரும் ஈரடுக்குச் சவ்வு ஒன்றை ஓட்டினார்கள். இன்று உலகம் முழுக்கப் பலரும் பயன்படுத்தும் க்ரோமாக்ஸ் என்ற திறந்த மென்பொருள் 1990களின் தொடக்கத்தில் அதே ஊரில் பிறந்ததுதான்.

எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் என்றாலும் ஒரு முழுச் செல்லின் சவ்வை அணு அணுவாக அப்படியே உள்ளே வைத்து ஓட்டிவிட முடியாது. ஒரு சின்னத் துண்டை வெட்டி ஒரு பெட்டிக்குள் வைக்கிறார்கள். 128 லிப்பிட், அடுக்குக்கு 64. பக்கம் ஆறரை நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரம் நீரோடு சேர்த்து ஒன்பது நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டிக்குச் சுவர் வைத்தால் அணுக்கள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். நாம் பார்ப்பது சவ்வை அல்ல, சுவரைத்தான். அதனால் ஒரு தந்திரம்: பெட்டியின் வலது ஓரத்தில் வெளியேறும் அணு இடது ஓரத்தில் உள்ளே வரும். மேலே போனது கீழே வரும். அதாவது ஒரே பெட்டி எல்லாத் திசைகளிலும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கிறது. எல்லையை ஒழித்துவிட்டோம் என்று ஒரு திருப்தி. ஆனால் எல்லையை ஒழித்ததற்கும் ஒரு விலை இருக்கிறது.

விலை மின்விசையில் வருகிறது. மின்னூட்டங்களுக்கிடையிலான விசை தூரத்தோடு மெதுவாகத்தான் குறையும். குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் வெட்டிவிடலாம் என்று பல காலம் செய்துகொண்டிருந்தார்கள். 2003-ல் பாத்ரா, கர்ட்டுனென், வட்டுலைனென் முதலானோர் ஒரு லிப்பிட் சவ்வில் இதைச் சோதித்து, வெட்டிய தூரத்திலேயே ஒரு பொய்யான ஒழுங்கு முளைப்பதையும், ஒரு லிப்பிட் அடைத்துக்கொள்ளும் பரப்பே மாறிவிடுவதையும் காட்டினார்கள். வெட்டக்கூடாது என்றால் முடிவில்லாத பெட்டிகள் அனைத்தையும் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டல் விசித்திரமானது. எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். இதற்கு வழிகண்டவர் பால் பீட்டர் ஈவால்ட், 1921-ல். அவர் சவ்வை நினைத்துச் செய்யவில்லை, உப்புப் படிகம் போன்றவற்றுக்காகச் செய்தார். பக்கத்தில் இருப்பதை நேராகக் கூட்டு, தொலைவில் இருப்பதை அலைகளாகப் பிரித்துக் கூட்டு. 1993-ல் டார்டன், யார்க், பெடர்சன் மூவரும் இதை வேகமாகச் செய்ய ஒரு வலைமுறை கண்டார்கள். 1995-ல் அது இன்னும் செப்பமாயிற்று. இன்று ‘பார்ட்டிகிள் மெஷ் ஈவால்ட்’ இல்லாத சவ்வு சிமுலேஷன் அபூர்வம்.

அலைகளாகப் பிரிக்கும்போது ஒரு அலை வம்பு பண்ணும். அலைநீளம் முடிவிலியான உறுப்பு. பெட்டியின் மொத்த மின்னூட்டத்தைச் சுமந்திருப்பது அதுதான். அங்கே சுழியால் வகுக்க வேண்டி வரும். பெட்டி நடுநிலையாக இருந்தால் மேலேயும் சுழி, சமாளித்துக்கொள்ளலாம். உப்புப் படிகம் எப்போதும் நடுநிலைதான் என்பதால் ஈவால்டுக்கு இது பிரச்சினையே இல்லை. பெட்டியில் மொத்தமாக ஒரு மின்னூட்டம் மிஞ்சியிருந்தால் உண்மையான விடை முடிவிலி. கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? அந்த உறுப்பைச் சேர்ப்பதில்லை. அவ்வளவுதான். ஒன்றும் வெடிப்பதில்லை, திரையில் எண்கள் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு உறுப்பை விடுவது என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பது ஆகாது. மிஞ்சிய மின்னூட்டத்துக்குச் சமமான எதிர் மின்னூட்டத்தைப் பெட்டி முழுக்க ஒரே சீராக மாவு தூவியது போலத் தூவிவிட்டோம் என்பதுதான் அதன் கணிதப் பொருள். நிறை கிடையாது, முகவரி கிடையாது, அசையாது, கோப்பில் எங்கும் தெரியாது. பெயர் ‘பின்னணி’.

தண்ணீர் மட்டுமே நிரம்பிய பெட்டியில் இந்தப் பின்னணி பெரிய கெடுதல் செய்வதில்லை. எங்கும் ஒரே சூழல், எந்தப் பக்கமும் இழுக்காது. சவ்வு அப்படியல்ல. நீர் மின்விசையைச் சுமார் 80-ல் ஒரு பங்காக மட்டுப்படுத்திவிடும். சவ்வின் நடுவிலுள்ள எண்ணெய்ப் பகுதி பாதியாகத்தான் மட்டுப்படுத்தும். நம் பெட்டியில் 128-ல் 32 லிப்பிட் செரின் தலை கொண்டவை என்று வைப்போம். மொத்தம் கழித்தல் 32. ஒன்றும் சேர்க்காமல் ஓட்டினால் கூட்டல் 32 பின்னணியாகத் தூவப்படும். பெட்டியின் உயரம் ஒன்பது நானோமீட்டர், எண்ணெய்ப் பகுதி மூன்று. அதாவது தூவப்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட பத்துப் பதினோரு மின்னூட்டம், எண்ணெய்க்குள் உட்கார்ந்திருக்கும். நிஜத்தில் ஒரு சோடியம் அயனிகூட அங்கே போய் உட்காராது. இயற்பியல் படித்த நண்பர் ஒருவர் ஒரு துண்டுத் தாளில் தோராயமாகப் போட்டுக் காட்டினார்: எண்ணெயின் நடுவில் ஏறக்குறைய 0.9 வோல்ட் எழும்பும். ஒரு குளோரைடு அயனிக்கு அது மோலுக்கு எண்பது கிலோஜூலுக்கு மேற்பட்ட சலுகை. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளை உலுக்கிக்கொண்டிருக்கும் வெப்ப ஆற்றலின் அளவு மோலுக்கு 2.5 கிலோஜூல் மட்டுமே. எண்ணெய்க்குள் அயனி நுழையாமல் தடுப்பதுதானே சவ்வின் வேலை? இங்கே அந்தத் தடையின் பெரும்பகுதியை யாருமறியாமல் கரைத்துவிட்டார்கள்.

2014-ல் ஹப், டி க்ரூட், க்ரூப்முல்லர், க்ரூன்ஹோஃப் நால்வரும் இதை முறையாக அளந்து எழுதினார்கள். புரதம், சவ்வு போன்ற சீரற்ற அமைப்புகளில் பின்னணியால் வரும் பிழை மோலுக்குப் பத்துக்கணக்கான கிலோஜூலிலிருந்து நூற்றுக்கணக்கு வரைக்கும் போகும் என்பது அவர்கள் முடிவு. இப்போது க்ரோமாக்ஸ் இப்படி ஒரு பெட்டியைக் கொடுத்தால் எச்சரிக்கிறது: மிஞ்சிய மின்னூட்டம் இருக்கிறது, அயனிகள் எண்ணெய்ப் பகுதிக்குள் நகரக்கூடும், எதிர் அயனி போட்டுச் சமன் செய் என்று. அதே மென்பொருளில் எச்சரிக்கைகளைத் தாண்டிப் போகவும் ஒரு சாவி இருக்கிறது. ‘மேக்ஸ்வார்ன்’ என்று பெயர். ‘அதைப் போட்டுட்டு ஓட்டு, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க’ என்ற அறிவுரை எந்தத் துறையிலும் கிடைக்கும்.

சரி, அயனிகளையே நேராகப் போடலாம். 32 நீர் மூலக்கூறுகளை எடுத்துவிட்டு அந்த இடங்களில் 32 சோடியம். மொத்தம் சுழி. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் ‘முறைகள்’ பகுதியில் இது ஒரே வாக்கியமாக வரும்: அயனிகள் சேர்க்கப்பட்டு அமைப்பு நடுநிலையாக்கப்பட்டது. தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இந்தச் செயப்பாட்டு வினை உறுத்தத்தான் செய்யும். சேர்த்தது யார், எந்த அயனியை, எங்கே, எத்தனை? ஒவ்வொன்றிலும் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது.

‘எங்கே’ என்பதை முதலில் பார்ப்போம். பெட்டியை நீரால் நிரப்பும்போது மென்பொருள் காலி இடம் கண்ட இடத்திலெல்லாம் நீரை வைக்கும். லிப்பிட் வால்களுக்கிடையிலும் வைத்துவிடும். பிறகு ஏதோ ஒரு நீரை எடுத்துவிட்டு அயனி வைக்கும்போது, அது எண்ணெய்க்குள் மாட்டிய நீராக இருந்தால் அயனியும் எண்ணெய்க்குள் மாட்டிக்கொள்ளும். பார்த்து அப்புறப்படுத்த வேண்டும். ‘எத்தனை’ என்பது கூட்டினால் தெரியும்தானே என்றால், அதிலும் ஒரு சின்ன நுணுக்கம். மொத்தம் -31.999998 என்று வந்தால் அது கம்ப்யூட்டரின் தசமக் கூட்டலில் விழும் பிசிறு, பொருட்படுத்த வேண்டாம். -31.62 என்று வந்தால் எங்கோ ஒரு மூலக்கூறின் வரையறையில் ஓட்டை. அதை அயனி போட்டு அடைக்கக்கூடாது, அடைக்கவும் முடியாது. அரைக்கால் சோடியம் என்று ஒன்று இல்லை.

இனி உப்பு. உடல் திரவத்தில் உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 0.15 மோல். அதாவது 370 நீர் மூலக்கூறுக்கு ஒரு ஜோடி அயனி. நம் பெட்டியில் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான நீர் இருக்கும். அதற்குப் பத்தொன்பது ஜோடி. ஆனால் சமன் செய்யவே 32 சோடியம் போட்டாயிற்று. இந்த 32-ஐ உப்புக் கணக்கில் சேர்ப்பதா, அதற்கு மேல் பத்தொன்பது ஜோடி போடுவதா? சேர்த்துக்கொண்டு நிறுத்தினால், சோடியம் பெரும்பாலும் சவ்வின் ஓரத்திலேயே மொய்த்துக்கொள்ள, நடு நீரில் குளோரைடே இல்லாமல் போகும். அது எந்தச் செல்லுக்கும் பொருந்தாத நீர். அதற்கு மேல் போடுவதுதான் சரிக்குப் பக்கம். அப்போதும் சவ்வுக்குத் தொலைவிலுள்ள நீரில் உப்பு எவ்வளவு நிலைத்தது என்பதை ஓட்டி முடித்த பிறகு அளந்து சொல்ல வேண்டும், போட்டபோது இருந்த எண்ணைச் சொன்னால் போதாது.

‘எந்த அயனி’ என்பதுதான் இருப்பதிலேயே சிக்கல். செரின் தலைகள் செல்லின் உள்பக்கத்தைப் பார்த்தவை. செல்லுக்குள் மிகுதியாக இருப்பது பொட்டாசியம். ஆனால் பல கட்டுரைகளில் பழக்கதோஷமாகச் சோடியம். அதோடு, சிமுலேஷனில் சோடியம் லிப்பிட் தலையில் எவ்வளவு ஒட்டும் என்பதை நிர்ணயிப்பது, எவரோ முன்கூட்டிப் பொருத்தி வைத்த எண்களின் தொகுப்பு. அது அளவுக்கு மீறி ஒட்டுகிறது என்று 2013-ல் வெனபிள், ரூ, பாஸ்டர் முதலானோர் பரவலாகப் பயன்படும் ஒரு தொகுப்பில் தனித் திருத்தம் செய்தார்கள். 2016-ல் ‘என்எம்ஆர்லிப்பிட்ஸ்’ என்ற கூட்டுமுயற்சி பல தொகுப்புகளைச் சோதனைக்கூட அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பெரும்பாலானவற்றில் இதே குறை இருப்பதைக் காட்டியது. இந்தக் கூட்டுமுயற்சி பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 2013-ல் தொடங்கி, எல்லாத் தரவையும் விவாதத்தையும் பொதுவில் வைத்து, பங்களித்தவர் எவரானாலும் ஆசிரியர் பட்டியலில் இடம் உண்டு என்ற ஏற்பாட்டில் நடந்தது. பல ஆய்வுக்கூடங்கள் தத்தம் எண்களை மடியில் மறைத்துக்கொண்டிருந்தால் இந்தக் குறை இவ்வளவு துலக்கமாகத் தெரிந்திருக்காது. சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இதில் பொறாமைப்பட நியாயம் உண்டு.

எல்லையை ஒழித்ததற்கு விலை உண்டு என்றேனே, அதில் இன்னொன்று பாக்கி. மேலே போனது கீழே வரும் என்றால், சவ்வுக்கு மேலிருக்கும் நீரும் கீழிருக்கும் நீரும் ஒரே நீர். உள்ளே பொட்டாசியம், வெளியே சோடியம் என்ற வித்தியாசத்தை இந்தப் பெட்டியில் வைக்கவே முடியாது. உள்-வெளி எதிர்மையைக் கட்டுடைப்பதில் நமக்கு உற்சாகம் அதிகம்; ஆனால் செல்லுக்கு அது கட்டுடைந்தால் மரணம். 2004-ல் சாக்ஸ், க்ரோஸியர், வுல்ஃப் மூவரும் ஒரே பெட்டியில் இரண்டு சவ்வுகளை வைத்துச் சமாளித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீர், வெளியே இன்னொரு நீர். மொத்தப் பெட்டி நடுநிலை, அறைகள் நடுநிலை அல்ல. ஆனால் நம்முடைய அளவுத் துண்டுகளில் ஒரேயொரு அயனியை இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு மாற்றினால் சவ்வின் குறுக்கே இருநூறு மில்லிவோல்ட்டுக்குக் கிட்டத்தில் எழும்பும். ஓய்ந்திருக்கும் நரம்புச் செல்லில் இருப்பது எழுபது சொச்சம். வேண்டிய அளவை வைக்க வேண்டுமானால் பெரிய சவ்வு வேண்டும், அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துச் சங்கதி, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம்: கொலிஸ்டின். மற்ற ஆன்டிபயாடிக்குகள் கைவிட்ட பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கடைசியாகக் கொடுக்கப்படும் மருந்து. கோழிக்கும் கால்நடைக்கும் கொழுக்க வைக்கக் கொடுத்துக்கொண்டிருந்ததை 2019-ல் இந்திய அரசு தடை செய்தது. இந்த மருந்து வேலை செய்வதே மின்னூட்டத்தால்தான். ஒரு மூலக்கூறில் கூட்டல் ஐந்து. இ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் வெளியடுக்கு லிப்பிட்டுகள் பாஸ்ஃபேட்டுகளால் கனத்த கழித்தல் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறாமல் அவற்றைப் பிணைத்து வைத்திருப்பவை கால்சியமும் மக்னீசியமும். கொலிஸ்டின் அந்தப் பிணைப்புகளைத் தள்ளிவிட்டு அங்கே புகுந்துகொள்கிறது. 2015-ல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட எம்சிஆர்-1 என்ற எதிர்ப்பு மரபணு செய்வது, அந்தப் பாஸ்ஃபேட்டில் பாஸ்ஃபோஎதனாலமைன் என்ற ஒன்றை ஒட்டிவைத்துக் கழித்தலைக் குறைப்பது. மருந்துக்குப் பிடிமானம் போய்விடுகிறது.

இந்தச் சவ்வைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறவர், கழித்தலைச் சமன் செய்யச் சோடியத்தைப் போட்டால் கணக்கு சுழி வரும், மென்பொருள் எச்சரிக்காது. ஆனால் பிணைப்பே இல்லாத, தொளதொளத்த சவ்வு ஒன்று அவர் கையில் இருக்கும். அதில் எந்த மருந்தும் எளிதாக நுழைவது போலத் தெரியும். கால்சியம் போட வேண்டும். கொலிஸ்டினை உள்ளே விடும்போது கூடவே ஐந்து குளோரைடு வருகிறதா, அல்லது கூட்டல் அயனிகள் ஐந்துக்கு ஈடாக எடுக்கப்படுகின்றனவா என்பதையும் எழுத வேண்டும். எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாவின் சவ்வையும் பெறாததன் சவ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இன்னொரு சங்கடம் வரும். லிப்பிட்டின் மின்னூட்டம் குறைந்துவிட்டதால், சமன் செய்யப் போட்ட கால்சியமும் இரண்டாவது பெட்டியில் குறைவு. மாறியிருப்பது லிப்பிட் மட்டுமல்ல, கூடவே இருக்கும் அயனிக் கூட்டமும்தான். எதனால் எது என்று பிரிக்க வேண்டுமானால், லிப்பிட்டைத் தொடாமல் அயனியை மட்டும் மாற்றி மூன்றாவதாக ஒரு பெட்டியையும் ஓட்டித்தான் ஆக வேண்டும்.